ஒரே ராக்கர் சுவிட்சில் மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

எங்கள் மாடித்தோட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு நிழல்வலை தொங்குகிறது. வெயில் காலத்தில் மதியம் 2 மணிக்கு அதை இறக்க வேண்டும். சாயங்காலம் மறுபடி சுருட்டி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் காற்று அடிக்கும்போது வலை தொட்டிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். பல வருடங்களாக அம்மாதான் கயிற்றை இழுத்து இதைச் செய்து வந்தார். தோள்வலி வந்த பிறகு அவரால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. அதற்காகத்தான் ஒரு சின்ன 12 வோல்ட் கியர் மோட்டாரும் ஒரு ராக்கர் சுவிட்சும் வாங்கினேன். மேல்பக்கம் அழுத்தினால் வலை ஏறும், கீழ்ப்பக்கம் அழுத்தினால் இறங்கும், கையை எடுத்தால் நிற்கும்.

இதில் ஒயர் மாற்றிக் கட்டும் வேலை பத்து நிமிடம்தான். ஆனால் நான் முதலில் கட்டியது இரண்டே வாரத்தில் போய்விட்டது. சுவிட்சின் உள்ளே இருந்த தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டன, கையை எடுத்த பிறகும் மோட்டார் ஓடியது. காரணத்தைத் தேடிப் புரிந்துகொண்டு இரண்டாம் முறை கட்டினேன். அது இன்றுவரை ஓடுகிறது. அந்த இரண்டாவது முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். நிழல்வலைக்குப் பதில் திரைச்சீலை, கோழிக்கூண்டுக் கதவு, பள்ளிக் கண்காட்சிக்குச் செய்யும் பாரந்தூக்கி என்று எதுவாக இருந்தாலும் முறை இதேதான்.

உங்கள் மோட்டார் திரும்பிச் சுழலுமா?

சுவிட்ச் வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். துருவத்தை, அதாவது பாசிட்டிவ் ஒயரையும் நெகட்டிவ் ஒயரையும், இடம் மாற்றினால் திசை மாறுவது, நிலைக்காந்தம் வைத்த டிசி மோட்டாரில்தான். பொம்மைக் கார் மோட்டார், கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட் கியர் மோட்டார், காரின் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பவர் விண்டோ மோட்டார் எல்லாம் இந்த வகை. உள்ளே காந்தத்தின் புலம் மாறாமல் அப்படியே இருக்கிறது. சுருளில் ஓடும் மின்னோட்டத்தின் திசையை மாற்றினால், பள்ளியில் படித்த இடக்கை விதிப்படி விசையின் திசையும் மாறுகிறது.

மிக்சி மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்தின் திசை நொடிக்கு 100 முறை மாறுகிறது, ஆனாலும் மிக்சி ஒரே பக்கமாகத்தான் சுழல்கிறது. ஏனென்றால் அதில் காந்தத்துக்குப் பதிலாகவும் சுருள்தான் இருக்கிறது. இரண்டு சுருளிலும் திசை ஒரே நேரத்தில் மாறுவதால் விசையின் திசை மாறுவதில்லை. தையல் மெஷின் மோட்டாரும் இப்படித்தான். மின்விசிறி வேறு வகை, அதற்கும் இந்தச் சுவிட்ச் பயன்படாது. 230 வோல்ட்டில் ஓடும் எந்த மோட்டாருக்கும் இந்தக் கட்டுரையில் உள்ளதைச் செய்ய வேண்டாம். உயிருக்கே ஆபத்து.

12 வோல்ட்டிலேயே இரண்டு விதிவிலக்குகள் உண்டு. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன விசிறி பிரஷ் இல்லாத வகை. அதன் உள்ளே ஒரு எலக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கிறது, துருவத்தை மாற்றினால் திரும்பிச் சுழலாது, கெட்டும் போகலாம். அடுத்தது பழைய கார் வைப்பர் மோட்டார். பலவற்றில் நெகட்டிவ் தனி ஒயராக வராமல் மோட்டாரின் உடம்போடு இணைந்திருக்கும். துருவம் மாற்றினால் உடம்பில் பாசிட்டிவ் வந்துவிடும். அந்த உடம்பு இரும்புச் சட்டத்தில் பொருத்தப்பட்டு, சட்டம் வேறு எங்காவது நெகட்டிவைத் தொட்டால் நேரடி ஷார்ட்தான். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டி நிலையில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து, அதன் ஒரு முனையை மோட்டார் உடம்பிலும் மறுமுனையை ஒவ்வொரு ஒயரிலும் வைத்துப் பாருங்கள். பீப் ஒலி வந்தால் அந்த மோட்டாரை விட்டுவிடுவது நல்லது.

கையில் இருக்கும் மோட்டாரைச் சோதிக்க எளிய வழி: 12 வோல்ட் அடாப்டரின் இரண்டு ஒயரையும் மோட்டாரில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். சுழலும் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் முழுதாக நின்ற பிறகு ஒயரை மாற்றித் தொடுங்கள். எதிர்ப்பக்கம் சுழன்றால் சரி.

சுவிட்சின் உள்ளே என்ன நடக்கிறது?

இதற்கு வேண்டியது ஆறு கால் உள்ள ராக்கர் சுவிட்ச். கடையில் டிபிடிடி என்று கேட்டால் கொடுப்பார்கள். பின்பக்கம் பார்த்தால் இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று கால்கள். நடுவில் இருக்கும் இரண்டும் பொதுக்கால்கள். ஒரு பக்கம் அழுத்தினால் நடுக்கால் இரண்டும் ஒரு முனைக் கால்களோடு சேரும், மறுபக்கம் அழுத்தினால் அடுத்த முனைக் கால்களோடு சேரும். பெரும்பாலான ராக்கரில் நீங்கள் மேல்பக்கம் அழுத்தினால் கீழ்முனைக் கால்கள்தான் சேரும். உள்ளே இருப்பது சீசா பலகை மாதிரியான அமைப்பு என்பதால் அப்படி.

இப்போது மேல்முனையின் இடதுகாலையும் கீழ்முனையின் வலதுகாலையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். மேல்முனை வலதுகாலைக் கீழ்முனை இடதுகாலோடு இணையுங்கள். பெருக்கல் குறி போல இரண்டு ஒயரும் ஒன்றை ஒன்று தாண்டிப் போகும், ஆனால் தொடக்கூடாது. நடுக்கால்களில் கரண்ட் கொடுத்து, மேல்முனைக் கால்களிலிருந்து மோட்டாருக்கு எடுத்தால், ஒரு பக்கம் அழுத்தும்போது பாசிட்டிவ் போகும் ஒயரில் மறுபக்கம் அழுத்தும்போது நெகட்டிவ் போகும்.

முன்பே ஒயர் கட்டி வரும் ராக்கர் சுவிட்சில் இந்தப் பெருக்கல் குறியைத் தொழிற்சாலையிலேயே போட்டுவிடுகிறார்கள். வெளியே நான்கு ஒயர்தான் வரும். சால்டரிங் பழக்கமில்லாதவர்கள் இதையே வாங்குங்கள் என்று சொல்வேன். நாமே கட்டும்போது வரும் பெரிய தவறு, குறுக்கே போக வேண்டிய ஒயரை நேராகப் போட்டுவிடுவது. ஒரே முனையில் இருக்கும் இரண்டு கால்களை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால், சுவிட்சை அந்தப் பக்கம் அழுத்தியதும் பாசிட்டிவும் நெகட்டிவும் முட்டிக்கொள்ளும்.

வாங்கும்போது

ராக்கரில் இரண்டு குணம் உண்டு. அழுத்தினால் அப்படியே நின்றுவிடுவது ஒன்று, விரலை எடுத்தால் தானாக நடுவுக்கு வருவது மற்றொன்று. அட்டையில் ஆன் என்ற சொல்லை இருபுறமும் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் அது தானாகத் திரும்புவது. ஏறி இறங்குவது, திறந்து மூடுவது போன்ற, முடிவிடம் உள்ள எந்த வேலைக்கும் தானாகத் திரும்பும் வகையைத்தான் வாங்க வேண்டும். அழுத்திவிட்டு மறந்துபோனால் மோட்டார் முட்டி நிற்கும், சூடாகும், கருகும். முடிவிடம் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் வேலைக்கு மட்டும்தான் அப்படியே நிற்கும் வகை பொருந்தும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நடுவில் ஆஃப் நிலை கட்டாயம் இருக்க வேண்டும். நடு ஆஃப் இல்லாமல் இங்கும் அங்கும் மட்டும் விழும் ஆறுகால் ராக்கர்களும் கடையில் இருக்கின்றன, பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். அதை வாங்கிவிட்டால் மோட்டாரை நிறுத்த வழியே இருக்காது.

அடுத்து ஆம்பியர். பெரிய ஆறுகால் ராக்கர்களில் 16 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். அது ஏசிக்கான கணக்கு. ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், தொடுமுனைகள் பிரியும்போது எழும் தீப்பொறி தானாக அணைந்துவிடும். டிசியில் அப்படிப் பூஜ்யம் வருவதில்லை, பொறி இழுத்துக்கொண்டே நிற்கும். 12 வோல்ட்டில் இது பெரிய தொல்லை இல்லை. 24, 48 என்று போகப்போக அந்த 16 ஆம்பியரை நம்பக்கூடாது. டிசி அளவு தனியாகப் போட்டிருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போடவில்லை என்றால், உங்கள் மோட்டார் இழுக்கும் உச்ச அளவைப்போல இரண்டு மடங்காவது தாங்குவதாக வாங்குங்கள்.

அந்த உச்ச அளவு என்ன?

என் முதல் சுவிட்ச் போனது இந்தக் கணக்கு தெரியாததால்தான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

என் மோட்டாரின் சுருள் மின்தடை 3 ஓம். மல்டிமீட்டரை மோட்டாரின் இரண்டு காலில் வைத்து, அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து இடத்தில் பார்த்து, மிகக் குறைவாக வந்த எண்ணை எடுத்துக்கொண்டேன். வலையை ஏற்றும்போது அது இழுப்பது 0.6 ஆம்பியர். 12 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 4 ஆம்பியர் வர வேண்டுமே, ஏன் 0.6 மட்டும்? மோட்டார் சுழலும்போது அதுவே ஒரு டைனமோ போல எதிர் வோல்ட்டேஜை உண்டாக்குகிறது. கணக்குப் போட்டால் அது 10.2 வோல்ட். மீதி 1.8 வோல்ட்தான் சுருளில் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது.

மோட்டார் அசையாமல் நிற்கும்போது எதிர் வோல்ட்டேஜ் கிடையாது. ஆகவே கிளம்பும் கணத்திலும், எங்காவது மாட்டி நிற்கும்போதும் முழு 4 ஆம்பியரும் ஓடும்.

இப்போது மோட்டார் முழு வேகத்தில் சுழலும்போது, நிறுத்தாமல் சட்டென்று சுவிட்சை எதிர்ப்பக்கம் அழுத்தினால் என்ன ஆகும்? அச்சு இன்னும் பழைய திசையில்தான் சுழல்கிறது. அதன் 10.2 வோல்ட் இப்போது நம் 12 வோல்ட்டை எதிர்க்காமல் அதோடு சேர்ந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்து 22.2 வோல்ட், அதை 3 ஓமால் வகுத்தால் 7.4 ஆம்பியர். ஓடும்போது இழுப்பதைப்போலப் பன்னிரண்டு மடங்கு! நான் வாங்கிய முதல் சுவிட்ச் 3 ஆம்பியருக்கானது. வலை சரியான உயரத்துக்கு வரவில்லை என்று அதை மேலும் கீழுமாகத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு தட்டலிலும் தொடுமுனை கொஞ்சம் கொஞ்சமாக உருகியிருக்கிறது. கியரின் பல்லுக்கும் இது நல்லதல்ல. சின்ன கியர் மோட்டார்களில் பல் உடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே பழக்கம் ஒன்றே ஒன்று: விரலை எடுத்து, மோட்டார் நின்றதைக் கண்ணால் பார்த்து, அப்புறம்தான் எதிர்ப்பக்கம். ஒரு நொடி போதும். வீட்டில் யார் இந்தச் சுவிட்சைத் தொட்டாலும் இதை முதலில் சொல்லிக்கொடுங்கள். அம்மாவுக்கு "விடு, பார், அழுத்து" என்று மூன்றே வார்த்தையில் சொன்னேன், அப்படியே செய்கிறார்.

தேவையான மற்ற பொருள்கள்

12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் ஒன்று. ஓடுவதற்கு 1 ஆம்பியரே போதும் என்றாலும், கிளம்பும்போது 4 ஆம்பியர் வேண்டும். சின்ன அடாப்டர் அந்தக் கணத்தில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், மோட்டார் விக்கி விக்கி நிற்கும்.

கார்களில் வரும் பிளேடு ஃபியூஸ் ஒன்றும் அதற்கான தாங்கியும். நான் போட்டது 2 ஆம்பியர், சாம்பல் நிறம். 3 ஆம்பியர் ஊதா நிறத்தில் இருக்கும். 4 ஆம்பியர் ஓடினால் 3 ஆம்பியர் ஃபியூஸ் உடனே போய்விடும் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் கூடுதலாக ஓடினால் ஃபியூஸ் நிமிடக்கணக்கில்கூடத் தாங்கும், அதற்குள் மோட்டார் கருகிவிடும். 2 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு மடங்கு மின்னோட்டத்தில் சில நொடிகளுக்குள் உருகும். கிளம்பும் கணம் ஒரு நொடிக்கும் மிகக் குறைவு என்பதால் அதைத் தாங்கிக்கொள்ளும்.

ஒயர் 0.75 சதுர மில்லிமீட்டர். என் வீட்டில் சுவிட்சிலிருந்து மோட்டாருக்கு 6 மீட்டர், போக வர 12 மீட்டர். இந்த ஒயரில் அதன் மின்தடை சுமார் 0.28 ஓம், பொருட்படுத்தத் தேவையில்லை. அதற்குப் பதில் ஸ்பீக்கருக்குப் போடும் மெல்லிய 0.2 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டால் 1 ஓமுக்கு மேல் வரும். 3 ஓம் மோட்டாருக்கு முன்னால் 1 ஓம் ஒயர் என்றால், கிளம்பும் விசையில் கால்வாசி ஒயரிலேயே போய்விடும்.

இவற்றோடு இரண்டு மைக்ரோசுவிட்ச், இரண்டு 1என்5408 டையோடு (மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் பொருள்), 104 என்று எழுதிய ஒரு செராமிக் கெப்பாசிட்டர், ஹீட் ஷ்ரிங்க் குழாய், பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ், மல்டிமீட்டர். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் கிடைத்துவிடும்.

படி 1: நான்கு ஒயரில் எது எது?

முன்பே கட்டிய சுவிட்சின் ஒயர் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு தயாரிப்பில் சிவப்பும் கறுப்பும் கரண்ட் வருவதற்கு, இன்னொன்றில் அதே சிவப்பும் கறுப்பும் மோட்டாருக்கு. மீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் சரி.

எதையும் இணைக்காமல், மீட்டரைக் கன்டினியூட்டி நிலையில் வையுங்கள். நடு ஆஃப் நிலையில் எந்த இரண்டு ஒயருக்கு இடையிலும் ஒலி வரக்கூடாது. மேல்பக்கம் அழுத்திப் பிடித்தால் இரண்டு ஜோடிகளில் ஒலி வரும், குறித்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பக்கம் அழுத்தினால் ஜோடி மாறி ஒலி வரும். எந்தப் பக்கம் அழுத்தினாலும் தமக்குள் ஒலி எழுப்பாத இரண்டு ஒயர்தான் ஒரே ஜோடி. மீதி இரண்டும் இன்னொரு ஜோடி. ஒரு ஜோடி கரண்டுக்கு, மற்றது மோட்டாருக்கு. எதை எதற்கு வைத்தாலும் வேலை செய்யும், பெருக்கல் குறியின் அழகு அது.

இரண்டு ஜோடியாகப் பிரிக்க முடியாதபடி தாறுமாறாக ஒலித்தால் அந்தச் சுவிட்ச் தவறாகக் கட்டப்பட்டது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விளக்கு எரியும் ராக்கர் என்றால் கூடுதலாக ஒன்றிரண்டு ஒயர் இருக்கும். 230 வோல்ட்டுக்கான நியான் விளக்கு வைத்தது 12 வோல்ட்டில் எரியாது, சுவிட்ச் கெட்டதாக நினைத்துவிடாதீர்கள்.

படி 2: மேசைமேல் முதல் ஓட்டம்

மாடிக்கு எடுத்துப் போவதற்கு முன் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஓட்டிப் பாருங்கள். அடாப்டரின் பாசிட்டிவ், ஃபியூஸ் வழியாகச் சுவிட்சின் கரண்ட் ஜோடியில் ஒரு ஒயருக்கு. நெகட்டிவ் நேராக மற்ற ஒயருக்கு. மோட்டார் ஜோடி மோட்டாருக்கு. மேலே அழுத்துங்கள், விடுங்கள், நிற்கட்டும், கீழே அழுத்துங்கள். இரண்டு பக்கமும் சுழன்றால் போதும். மேல் கீழ் மாறியிருந்தால் மோட்டாரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள், சுவிட்சின் உள்ளே கை வைக்க வேண்டாம்.

அடாப்டருக்குப் பதில் யுபிஎஸ் பேட்டரி வைப்பவர்கள் ஃபியூஸைப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் போட வேண்டும். அடாப்டர் ஷார்ட் ஆனால் தானாக நிற்கும். பேட்டரி நிற்காது. சின்ன 7 ஆம்பியர்-மணி பேட்டரிகூட ஷார்ட்டில் நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளும், ஒயரின் பிளாஸ்டிக் எரியும்.

வேகத்தைக் குறைக்கும் பிடபிள்யூஎம் பலகை வைப்பதானால், அடாப்டருக்கு அடுத்து அந்தப் பலகை, அதற்கு அடுத்துத்தான் ராக்கர். இடம் மாற்றி வைத்தால் பலகைக்குத் துருவம் மாறிப் போய் அது அப்போதே எரிந்துவிடும்.

படி 3: பொறியை அடக்குவது

104 கெப்பாசிட்டரை மோட்டாரின் இரண்டு காலுக்கும் குறுக்கே சால்டர் செய்யுங்கள். பிரஷ்ஷிலிருந்து வரும் இரைச்சல் குறையும், பக்கத்தில் ஓடும் ரேடியோ கரகரக்காது. செராமிக் கெப்பாசிட்டருக்குத் துருவம் கிடையாது. பிளஸ் மைனஸ் போட்ட உருளைக் கெப்பாசிட்டரை இங்கே போடவே கூடாது.

மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடு போட வேண்டும் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். ஒரே திசையில் ஓடும் மோட்டாருக்கு அது சரியான அறிவுரை. திரும்பிச் சுழலும் மோட்டாரில் அதே டையோடு, எதிர்ப்பக்கம் அழுத்தியதும் நேரடி ஷார்ட் ஆகிவிடும். அதற்குப் பதிலாக, திடீரென்று எழும் வோல்ட்டேஜை அடக்கும் டிவிஎஸ் டையோடில் இருபுறமும் தாங்கும் வகை ஒன்றைப் போடலாம். 12 வோல்ட்டுக்கு பி6கேஇ18சிஏ பொருந்தும். கடைசியில் சிஏ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் இருபுறமும் வேலை செய்யும் வகை. 0.6 ஆம்பியர் மோட்டாருக்கு இது இல்லாமலும் ஓட்டலாம். பெரிய மோட்டார் என்றால் நான் போட்டுவிடுவேன்.

படி 4: முடிவிடத்தில் தானாக நிற்க

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு ஓட்டுபவர்கள் நிறையப் பேர். விரலை எடுத்தால்தான் நின்றுவிடுமே என்று தோன்றும். சுருட்டும் வலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. வலை முழுதாக இறங்கிய பிறகும் கீழ்ப்பக்கத்தையே அழுத்திக்கொண்டிருந்தால், குழாய் அதே திசையில் சுழன்று வலையைப் பின்பக்கமாகச் சுருட்டத் தொடங்கிவிடும். இறக்கும் பொத்தானை அழுத்த அழுத்த வலை ஏறும்! பார்ப்பவர் குழம்பிப்போய் இன்னும் அழுத்துவார். துணி தாறுமாறாகச் சிக்கும்.

இதற்குத்தான் மைக்ரோசுவிட்சும் டையோடும். மைக்ரோசுவிட்சில் மூன்று கால் இருக்கும். பொதுக்கால் ஒன்று, அழுத்தாதபோது சேர்ந்திருக்கும் கால் ஒன்று, அழுத்தினால் சேரும் கால் ஒன்று. நமக்கு வேண்டியது முதல் இரண்டும். மூன்றாவதை விட்டுவிடலாம்.

ராக்கரிலிருந்து மோட்டாருக்கு இரண்டு ஒயர் போகிறது அல்லவா? வலை ஏறும்போது எந்த ஒயரில் பாசிட்டிவ் வருகிறது என்று மீட்டரில் பார்த்து அதில் ஒரு டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். அந்த ஒயரை நடுவில் வெட்டி, அந்த இடத்தில் மேல் மைக்ரோசுவிட்சை இணையுங்கள். இறங்கும்போது பாசிட்டிவ் வரும் மற்ற ஒயரில் கீழ் மைக்ரோசுவிட்சை இணையுங்கள். பிறகு ஒவ்வொரு மைக்ரோசுவிட்சின் அந்த இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு டையோடு. டையோடின் ஒரு முனையில் வெள்ளிநிறக் கோடு இருக்கும். இரண்டு டையோடிலும் கோடு உள்ள முனை ராக்கர் பக்கம், கோடு இல்லாத முனை மோட்டார் பக்கம்.

வலை உச்சிக்கு வந்து மேல் மைக்ரோசுவிட்சை அழுத்தியதும் அதன் தொடுப்பு பிரிகிறது. ஏறும் திசையில் மின்னோட்டம் ராக்கரிலிருந்து மோட்டாருக்குப் போக வேண்டும், டையோடு அதை விடாது. மோட்டார் நிற்கும், விரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாலும். இப்போது கீழே அழுத்தினால் மின்னோட்டம் எதிர்த்திசையில் மோட்டாரிலிருந்து ராக்கருக்கு வருகிறது, டையோடு வழிவிடுகிறது, வலை இறங்கத் தொடங்குகிறது. சற்று இறங்கியதும் மைக்ரோசுவிட்ச் மறுபடி சேர்ந்துகொள்ளும். ஒரு எலக்ட்ரானிக் பலகைகூட இல்லாமல், இரண்டு டையோடு இவ்வளவும் செய்கிறது. முதல் முறை இது வேலை செய்வதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

பொருத்துவதற்கு முன் கையாலேயே சோதியுங்கள். மோட்டார் ஏறும் திசையில் சுழலும்போது மேல் மைக்ரோசுவிட்சை விரலால் அழுத்துங்கள். நின்றால் சரி. நிற்கவில்லை என்றால் டையோடைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள், அல்லது மைக்ரோசுவிட்சுகள் ஒயர் மாறி அமர்ந்திருக்கின்றன. கீழ் மைக்ரோசுவிட்சுக்கும் இதேபோல.

படி 5: மாடியில் பொருத்துதல்

வலையைச் சுருட்டும் பிவிசி குழாயின் வெளிவிட்டம் 60 மில்லிமீட்டர், மோட்டார் நிமிடத்துக்கு 10 சுற்று. ஒரு சுற்றுக்கு 19 சென்டிமீட்டர் ஏறும். 8 அடி வலை முழுதாக ஏற ஒரு நிமிடத்துக்குச் சற்று கூடுதலாகும். இந்த மெதுவான வேகமே நல்லது. வேகமான மோட்டார் என்றால் விரலை எடுத்த பிறகும் ஓரடி ஓடி நிற்கும்.

விசைக்கு ஒரு கணக்கு: வலையும் அடியில் கட்டிய கம்பியும் சேர்ந்து 2 கிலோ, குழாயின் ஆரம் 3 சென்டிமீட்டர். ஆக 6 கிலோ-சென்டிமீட்டர். சுருட்டச் சுருட்ட ஆரம் கூடும், காற்றும் இழுக்கும். இதைப்போல மூன்று மடங்கு விசை உள்ள மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய இடத்திலேயே எடை அசையாமல் நிற்க வேண்டுமானால் வார்ம் கியர் வகை நல்லது. அச்சைக் கையால் திருப்பினாலும் அது திரும்பாது.

230 வோல்ட் மாடிக்கு வெளியே வரவே கூடாது. அடாப்டர் மாடிப்படி அறைக்குள்ளேயே இருக்கட்டும், வெளியே 12 வோல்ட் ஒயர் மட்டும். ராக்கரை அதே அறையின் சுவரில், வலை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். வலையைப் பார்க்க முடியாத இடத்தில் சுவிட்ச் இருந்தால் அதனால் பயனில்லை. மோட்டாருக்கு மேல் பாதியாக அறுத்த பிவிசி குழாயைக் கூரையாக வைக்கலாம். ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில், நுழைவதற்கு முன் ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைநீர் ஒயர் வழியாக ஓடி வந்து அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது. மைக்ரோசுவிட்சுகளின் கால்களில் ஹீட் ஷ்ரிங்க் போட்டு, வாயைச் சிலிகான் பசையால் அடைத்துவிடுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு கோடையிலேயே பிசுபிசுத்துக் கழன்றுவிடும்.

படி 6: ஓடாவிட்டால்

இரண்டு பக்கமும் ஓடவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து அடாப்டர். ஒரு பக்கம் மட்டும் ஓடுகிறது என்றால் அநேகமாக ஒரு மைக்ரோசுவிட்ச் சிக்கிக்கொண்டிருக்கும், எறும்பு மண் வைத்திருந்தாலும் இப்படி ஆகும். அதை இரண்டு மூன்று முறை தட்டிப் பாருங்கள். அப்புறமும் ஓடவில்லை என்றால் ராக்கரின் ஒரு பக்கத் தொடுமுனை போயிருக்கலாம், படி 1ல் செய்த மீட்டர் சோதனையை மறுபடி செய்யுங்கள். அழுத்தியதும் ஃபியூஸ் போகிறது, ஆனால் ஒரு பக்கம் அழுத்தும்போது மட்டும் என்றால், யாரோ மோட்டாருக்குக் குறுக்கே சாதா டையோடு போட்டிருக்கிறார்கள். ராக்கர் தொட்டால் சூடாக இருந்தால் அதற்குமேல் ஓட்டாதீர்கள், உள்ளே தொடுமுனை தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. சுவிட்சின் மேல்பக்கத்தில் மேல்நோக்கிய அம்பும் கீழ்ப்பக்கத்தில் கீழ்நோக்கிய அம்பும் பெயிண்டால் வரைந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அம்மா கண்ணாடி போடாமலும் தடவித் தெரிந்துகொள்ளட்டும் என்று மேல்பக்கத்தில் மட்டும் ஒரு சொட்டு பசையைப் புடைப்பாக வைத்திருக்கிறேன்.